அ என்றால் அணில்

மாதா துணை

தூத்துக்குடி
10.2.2025

அன்புள்ள இந்துமதிக்கு,

எமில்டா எழுதுகிறேன். நீயும் என் தம்பி ஃபிராங்க்ளினும் பிரைட்டனும் சுகம்தானே? நானும் சுகம். வீடுதான் திடீரென்று இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது.

கல்யாணம் முடிந்து மூன்றே வாரத்தில் நாத்தனாரிடமிருந்து கடிதம் வந்தால் எந்தப் பெண்ணும் கவரைப் பிரிக்க யோசிப்பாள். பயப்படாதே, சண்டை பிடிக்க எழுதவில்லை. நான் வீடியோவில் வந்துவிட்டுப் போனதும் பிரைட்டன் போனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அழுகிறானாம், சாப்பிட மாட்டேன் என்கிறானாம். கொஞ்ச மாதத்துக்கு வீடியோ வேண்டாம் என்று ஃபிராங்க்ளின் சொன்னான். இரண்டு நாள் அவன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரி.

பெற்றவள் அனிஷா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு எட்டு மாதம். அன்றிலிருந்து போன மாதம் வரைக்கும் என் இடுப்பிலும் என் சேலைக்குப் பின்னாலும்தான் வளர்ந்தான். அப்பா என்பவர் வருஷத்துக்கு இரண்டு முறை பாரதீப் துறைமுகத்திலிருந்து லீவில் வந்து போகிற ஆள். அந்த அப்பாவோடும், புதிதாக வந்த உன்னோடும், இந்தியும் ஒடியாவும் பேசுகிற ஊரில் கொண்டுபோய் நிறுத்தினால் நாலு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

ஆனால் அவன் பேச்சே நின்றுபோய்விட்டது என்று கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நர்சரியில் வாயே திறக்கவில்லையாம், வீட்டிலும் தலையை ஆட்டுவதோடு சரியாம். இந்துமதி, இங்கிருந்து கிளம்பும்போது அவனிடம் எண்ணூற்றுப் பதினாறு சொல் இருந்தது. ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பதினாலு வருஷமாக எல்கேஜி டீச்சராக இருப்பவளுக்கு வேறென்ன பொழுதுபோக்கு!

ஆகவே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். பழம், காய்கறி, வாகனம் என்று சார்ட்டை மாட்டிவைத்து 'சொல்லு, சொல்லு' என்று நச்சரித்தால் பிள்ளை பேசாது. பண்டிகை வந்தால் பேசும். பண்டிகையில் கைக்கு ஒரு வேலையும் வாய்க்கு ஒரு பண்டமும் இருக்கும். ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு கவர் அனுப்புகிறேன். உள்ளே ஆறு அட்டை, முன்பக்கம் படம், பின்பக்கம் சொல். கூடவே செய்து பார்க்க ஏதாவது ஒரு சாமான். முதல் கவர் சாம்பல் புதனுக்கு. போன வருஷத்துக் குருத்தோலை உள்ளே வைத்திருக்கிறேன். அதை எரித்து, சாம்பலை அவன் நெற்றியில் வைக்க வேண்டும். மற்றது உனக்கே தெரியும். ஒரே ஒரு நிபந்தனை: 'இது என்ன?' என்று அவனைக் கேட்கவே கூடாது. நீ செய், நீ சொல், பிறகு சும்மா இரு.

குளிக்கும்போது வலது காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள். அது அவனுக்கு ஆகாது.

உங்கள் மூவருக்காகவும் வேண்டிக்கொள்ளும்,
எமில்டா

உ

பாரதீப்
11.3.2025

அன்புள்ள மதினிக்கு,

இந்துமதியின் வணக்கம். நாங்கள் மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று உங்கள் தம்பி கேட்கச் சொன்னார். அவரே கேட்டிருக்கலாம். கிரேனுக்குள் எட்டு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து பழகிய மனுஷன், வீட்டுக்கு வந்தும் அப்படித்தான்.

நான் லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவள். எதையும் குறிப்போடும் அளவோடும் சொன்னால்தான் எனக்குச் செய்ய வரும். நீங்கள் பாட்டுக்கு 'மற்றது உனக்கே தெரியும்' என்று எழுதிவிட்டீர்கள். ஸ்ரீவைகுண்டத்துக்காரிக்கு உங்கள் பண்டிகையைப் பற்றி என்ன தெரியும்? தட்டில் ஓலையை வைத்து எரித்தோம். 'ஓலை' என்றேன், 'தீ' என்றேன், 'சாம்பல்' என்றேன். நீங்கள் சொன்னபடி சும்மா இருந்தேன். அப்புறம் மூன்று விரலால் தொட்டு, எங்கள் வீட்டில் திருநீறு பூசுகிற மாதிரி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பட்டை போட்டுவிட்டேன்.

கண்ணாடியில் பார்த்தான். என்னைப் பார்த்தான். 'ஐய, மூணு கோடு!' என்று சொல்லிவிட்டுச் சிரித்தான் பாருங்கள், தரையில் புரண்டு புரண்டு சிரித்தான். இந்த வீட்டுக்கு வந்து அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். பிறகு என் விரலைப் பிடித்துச் சாம்பலில் தோய்த்து, என் நெற்றியிலேயே ஒரு சிலுவை போட்டு, 'இப்பிடித்தாம் போடணும்' என்றான். நான் அதை அழிக்காமலே லேபுக்குப் போனேன். டாக்டர் ஒருமாதிரி பார்த்தார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வருகிறது. 'குசினி' என்றால் சமையலறை என்று கண்டுபிடித்துவிட்டேன். பூனை அங்கே போனதும் அவன் 'குசினிக்குள்ள போயிட்டு' என்று கத்தியதில் புரிந்தது.

என்னைத்தான் இன்னும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் துப்பட்டாவைப் பிடித்து இழுப்பான், இல்லையென்றால் 'இங்கன பாரு' என்பான். அதற்கும் ஒரு அட்டை வைத்திருக்கிறீர்களா?

பணிவுடன்,
இந்துமதி

மாதா துணை

தூத்துக்குடி
20.3.2025

அன்புள்ள இந்துமதிக்கு,

உன் கடிதம் கண்டு சுகம் அறிந்தேன். என் முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது.

சாம்பல் புதன் அன்று பட்டை போட்டுக்கொண்ட ஒரே கத்தோலிக்கப் பிள்ளை எங்கள் பிரைட்டனாகத்தான் இருப்பான். ஆசிரியர் அறையில் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். எங்கள் ஆயா தேவகனி சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்திவிட்டது. 'அந்தப் புள்ள நல்ல புள்ளதாம்ளா எமில்டா, அழிக்காமலுல்லா வேலைக்குப் போயிருக்கு' என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

இதோடு குருத்தோலை ஞாயிறுக்கும் ஈஸ்டருக்கும் சேர்த்து ஒரே கவர். ஓலையை மடக்கிச் சிலுவை செய்ய வேண்டும். எப்படி மடக்குவதென்று இந்தத் தடவை படம் போட்டு, எண் போட்டு, உன் லேப் கணக்குக்கு எழுதியிருக்கிறேன். முட்டையை அவித்து பீட்ரூட் சாற்றில் போட்டால் நிறம் ஏறும். முட்டை, ஓடு, மஞ்சள் கரு, சிவப்பு, உடை, உரி: ஆறு சொல்.

கூப்பிடுவான் இந்துமதி. அவசரப்படாதே.

அன்புடன்,
எமில்டா

உ

பாரதீப்
24.4.2025

அன்புள்ள மதினிக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு உங்கள் நலமறிய விரும்புகிறேன். இரண்டு செய்தி இருக்கிறது. முதலில் அசட்டுச் செய்தி.

சனிக்கிழமை முழுக்க 'பாஸ்கு எப்ப, பாஸ்கு எப்ப' என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பஸ் எப்போது என்று கேட்கிறான் என நினைத்தேன். 'நாளைக்கி பாஸ்குக்குப் போணும்' என்றான். சரி, ஆசைப்படுகிறானே என்று ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டிச் சட்டை மாட்டி, டவுன் பஸ்ஸில் ஏற்றி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பாதி வழியில் 'இது பாஸ்கு இல்ல' என்று ஒரே அழுகை. கண்டக்டர் இந்தியில் கேட்கிறார், பக்கத்திலிருந்த பாட்டி ஒடியாவில் கேட்கிறாள், நான் இரண்டு பேரிடமும் 'பாஸ்கு, பாஸ்கு' என்கிறேன். ஷிஃப்ட் முடிந்து வந்த உங்கள் தம்பி, 'ஈஸ்டரத்தான் பாஸ்குங்கான்' என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார். நீங்கள் ஈஸ்டர் என்று எழுதினால் எனக்கு எப்படித் தெரியும் மதினி? சாயங்காலம் முட்டைக்கு நிறம் ஏற்றினோம். அதற்குப் பிறகுதான் என்னை மன்னித்தான்.

இனி மற்றது. நேற்று நர்சரி வாசல் கதவில் அவன் விரல் மாட்டிக்கொண்டது. நகம் கறுத்துவிட்டது, எலும்புக்கு ஒன்றுமில்லை, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன், கவலைப்பட வேண்டாம். நான் அழைத்துவரப் போய் வெளியே நின்றிருந்தேன். உள்ளேயிருந்து 'எம்மா! எம்மா!' என்று ஒரு கத்தல். ஓடிப் போய்த் தூக்கினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வீடு வருகிறவரைக்கும் விடாமல் எம்மா, எம்மா என்றான். எங்கள் ஊரிலும் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் சொல்லிக் கொடுக்கவில்லை மதினி, ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனாகவே கூப்பிட்டான்.

உங்கள் தம்பி இன்னும் ஷிஃப்ட் முடிந்து வரவில்லை. அவருக்கும் முன்னால் உங்களுக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. இப்போதே போய்த் தபாலில் சேர்க்கிறேன்.

சந்தோஷத்துடன்,
இந்துமதி

(தபாலில் சேர்க்காதது)

தூத்துக்குடி
4.5.2025

இந்துமதி,

உன் கடிதத்தை ஆறு தடவை படித்துவிட்டேன். அவன் கூப்பிட்டது உன்னை இல்லை.

எம்மா என்றால் எமில்டா. ஒன்றேகால் வயதில் என் பெயர் அவன் வாயில் நுழையவில்லை. தெருவே எமில்டா, எமில்டா என்று கூப்பிடும். அவனுக்கு அதன் தலையும் வாலும் மட்டும்தான் கிடைத்தது. கேட்கிறவர்கள் எல்லோரும் அம்மா என்று நினைத்தார்கள். தேவகனிகூட, 'ஏளா எமில்டா, புள்ள ஒன்னய அம்மாங்கானே, திருத்த மாட்டியா?' என்று கேட்டாள். 'அவன் எம் பேரத்தான் சொல்லுதான்' என்றேன். அது பொய் இல்லை. ஆனால் எனக்கும் அது அம்மா என்றுதான் கேட்டது. நாற்பது பிள்ளைகளின் லகரத்தையும் ளகரத்தையும் விரட்டி விரட்டித் திருத்துகிறவள், இந்த ஒரு சொல்லை மட்டும் திருத்தாமல் மூன்று வருஷம் அனுபவித்தேன்.

விரல் நசுங்கியதும் அவனுக்கு நான்தான் ஞாபகம் வந்திருக்கிறேன். உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறான். அதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது.

நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். அதில் போய் நான் எப்படி

மாதா துணை

தூத்துக்குடி
12.7.2025

அன்புள்ள இந்துமதிக்கு,

சுகம், சுகமே விரும்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளி திறந்தது, புதுப் பிள்ளைகளின் அழுகை, அட்மிஷன் வேலை, முழங்கால் வேறு. விரலில் புது நகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவன் உன்னிடம் ஒட்டிக்கொண்டது சந்தோஷம்.

மாதா கோயில் திருவிழாவுக்கான கவர் இது. கொடி, கம்பம், கயிறு, சப்பரம், ராட்டினம், கூட்டம். கூட்டம் என்ற சொல்லை அவன் போன வருஷம் கொடியேற்றத்தில்தான் கற்றுக்கொண்டான். என் தோளில் உட்கார்ந்திருந்தான். கொடி மேலே போகப் போக 'கொடி ஏறுது, கொடி ஏறுது' என்று என் தலையில் தாளம் போட்டான். துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று ஹாரன் அடித்தது, அது கொடிக்குத்தான் அடித்தது என்று முடிவு செய்துவிட்டான். திரும்பி வரும்போது கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, மற்ற செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, 'கூட்டம் எஞ் செருப்பத் தின்னுட்டு' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புகார் சொன்னான். கடலை மிட்டாய்க் கடைக்காரர் சிரித்து, கையில் ஒன்று சும்மாவே கொடுத்தார். வீடு வந்து சேர்வதற்குள் தோளிலேயே தூங்கிப்போனான். எச்சில் ஒழுகி என் ரவிக்கை நனைந்திருந்தது. இந்த வருஷம் போக மனசில்லை. போகாமலும் இருக்க மாட்டேன்.

நீ ஏதாவது ஒரு கம்பில் கொடி கட்டிக்கொள்.

அன்புடன்,
எமில்டா

உ

பாரதீப்
10.8.2025

அன்புள்ள மதினிக்கு,

நலம். நலமறிய ஆவல். நகம் முழுதாக வந்துவிட்டது.

எங்கள் கொடி, தரை துடைக்கிற மாப் கம்பில் கட்டிய என் நீலத் துப்பட்டா. கொடிக்கம்பம், குவார்ட்டர்ஸ் பால்கனி. ஏற்றும்போது கயிறு மாட்டிக்கொண்டதால் கொடி பாதியில் நின்றது. கீழே நின்ற ஒடியாப் பிள்ளைகள் ஆறு பேர் வந்து சேர்ந்தார்கள். அட்டைப் பெட்டிக்குக் கயிறு கட்டி, அதில் உங்கள் கவரில் வந்த மாதா படத்தை வைத்து, வராந்தா முழுக்க இழுத்துக்கொண்டு போனார்கள். இவன்தான் தலைவன். 'ஏலே, சப்பரம்! சப்பரம்னு சொல்லுலே!' என்று அந்தப் பிள்ளைகளை அதட்டுகிறான். இப்போது எங்கள் மாடி முழுக்க சப்பரம் என்ற சொல் நடமாடுகிறது. பேச்சு வரவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. நர்சரி மிஸ் அவன் பேச்சைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுகிறார்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அன்றைக்குச் சப்பரம் ஓடி முடிந்ததும் வேர்த்து விறுவிறுத்து வந்து, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது, 'எம்மா எங்க?' என்று கேட்டான். பிள்ளைகள் அப்படிக் கேட்பது உண்டுதானே மதினி? உங்களுக்குத்தான் நிறையப் பிள்ளைகளைத் தெரியும்.

பதில் எழுதுங்கள்.

இந்துமதி

உ

பாரதீப்
4.10.2025

அன்புள்ள மதினிக்கு,

ஆகஸ்டில் எழுதியதற்குப் பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று உங்கள் தம்பி போனில் விசாரித்துச் சொன்னதால் நிம்மதி. இங்கே நாங்கள் நலம்.

நேற்று முன்தினம் விஜயதசமி. இந்தத் தடவை கவர் என்னுடையது, நானே செய்தேன்: பொரி, கடலை, சந்தனம், அரிசி, புத்தகம், எழுது. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, அவன் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தேன். எழுதி முடித்ததும் கேட்காமலே சொன்னான்: 'அ, அணில்.' 'ஆ?' என்றேன். 'ஆடு' என்றான். எல்லாம் சரியாகச் சொன்னான்.

எனக்குத் தெரிந்து நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் 'அ, அம்மா' என்றுதான் தொடங்குவார்கள். உங்கள் வகுப்பிலும் அப்படித்தான் என்று உங்கள் தம்பி சொன்னார். இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் ஏன் அணில்? அப்புறம் உட்கார்ந்து நீங்கள் அனுப்பிய அட்டைகளையெல்லாம் எடுத்து அடுக்கிப் பார்த்தேன். சாம்பல் இருக்கிறது, கயிறு இருக்கிறது, முட்டை ஓடுகூட இருக்கிறது. அம்மா என்று ஒரு அட்டை இல்லை.

அடுத்து கல்லறைத் திருநாள் வருகிறது. அனிஷா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றலாமென்று இருக்கிறேன். படத்தைக் காட்டி அவனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். இதற்காவது பதில் எழுதுங்கள்.

இந்துமதி

மாதா துணை

தூத்துக்குடி
3.11.2025

அன்புள்ள இந்துமதிக்கு,

நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைக் கேட்காதே. உன் கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறேன்.

நேற்று அனிஷா கல்லறைக்கு மாலை போட்டுவிட்டு நிறைய நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கல்லறைகளில் பிள்ளைகளெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றி, அணைந்ததைத் திரும்ப ஏற்றி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் அவளிடம் கேட்ட மன்னிப்பை உன்னிடமும் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

மே மாதம் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த ஒரு காகிதம் இதோடு இருக்கிறது. முதலில் அதைப் படி.

படித்துவிட்டாயா? இனி அணில். வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் 'அ, அம்மா' என்று கத்தும்போது, அம்மா இல்லாத பிள்ளை என் மடியில் உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதனால் அவனுக்கு மட்டும் அணில் என்று மாற்றினேன். பாவம் பார்த்துத்தான் மாற்றினேன், சத்தியமாக. ஆனால் அப்புறம் அதில் எனக்கு ஒரு சௌகரியம் வந்துவிட்டது. அம்மா என்ற சொல்லை அவனுக்குக் காட்டாமல் இருந்தால், எம்மா என்ற சொல்லுக்குப் போட்டி இல்லை. இவ்வளவு அற்பமாகவும் ஒருத்தி இருப்பாளா என்று நீ நினைக்கலாம். இருந்திருக்கிறேன்.

அட்டை அனுப்பாதது மறதி இல்லை. நாலு தடவை செய்தேன். சேலை வரைவேன், கொண்டை வரைவேன், முகம் வரைய வராது. யார் முகத்தை வரைவது? கிழித்துப் போட்டுவிடுவேன். 'அவசரப்படாதே, கூப்பிடுவான்' என்று உனக்கு எழுதினேனே, கூப்பிடக் கூடாது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

உன்னை ஏழு மாதம் ஏமாற்றியிருக்கிறேன். திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

எமில்டா

உ

பாரதீப்
13.11.2025

அன்புள்ள மதினிக்கு,

இங்கே நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும், முழங்காலுக்கு எண்ணெய் தேயுங்கள்.

உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கு ஏப்ரல் இருபத்துநாலாம் தேதியே தெரியும். கடிதத்தைப் போட்டுவிட்டு வந்து, உங்கள் தம்பி சாப்பிட உட்கார்ந்ததும் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் சோற்றில் கை வைத்தபடியே, 'அது எங்க அக்கா பேரு' என்றார். அவ்வளவுதான். தபால் பெட்டியை உடைத்தா எடுக்க முடியும்? உங்கள் பதிலுக்குக் காத்திருந்தேன். அது ஜூலையில் வந்தது, அதில் அந்தப் பேச்சே இல்லை. என் மனசு நோகக் கூடாது என்றுதான் விட்டுவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஆகஸ்டில் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். அதற்கும் பதில் இல்லை.

பிறகு நானும் கேட்பதை விட்டுவிட்டேன். காய்ச்சலில் எம்மா என்பான், கீழே விழுந்தால் எம்மா என்பான். என்னை இல்லை என்று தெரிந்துகொண்டே, 'என்னய்யா?' என்று போய் நிற்பேன். ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல் இருப்பதற்கு, உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதே மேல் என்று இருந்தது. நீங்கள் மறைத்தீர்கள், நான் அந்தச் சொல்லை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் இனி அப்படி ஓட்ட முடியாது. கல்லறைத் திருநாள் அன்று அனிஷா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, 'இது அனிஷா அம்மா, ஒன்னப் பெத்தவங்க' என்றேன். படத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, 'அப்பம் நீ யாரு?' என்று கேட்டான்.

இவ்வளவு சொல்லுக்கு அட்டை காட்டியவள், மெழுகுவர்த்தியைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். நான்தான் அம்மா என்று நானே சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் மூன்று முறை கேட்டுவிட்டான். நீங்கள் கொடுத்த சொல்லைத்தான் அவன் நம்புகிறான் மதினி. நீங்கள் ஒரு சொல் கொடுங்கள். சித்தி என்று கொடுத்தாலும் சரி. வாங்கிக்கொள்கிறேன்.

இந்துமதி

மாதா துணை

தூத்துக்குடி
26.11.2025

(இந்துமதி சத்தமாக வாசித்துக் காட்டவும்)

என் செல்லப் பிரைட்டனுக்கு,

நீ சுகமா? காதில் தண்ணீர் போகவில்லையே? நான் சுகம்.

இது கிறிஸ்துமஸ் கவர். ஒவ்வொன்றாக எடு. நட்சத்திரம். குடில். ஆட்டுக்குட்டி. கேக். நாலு ஆயிற்றா? மீதி இரண்டு இருக்கிறது.

ஐந்தாவது அட்டையில் ஒரு கண்ணாடிக்காரி இருக்கிறாள். யாரென்று தெரிகிறதா? ஆமாம், நான்தான். என் பேர் எம்மா இல்லை கண்ணு. நீ குட்டிப் பாப்பாவாக இருந்தபோது உனக்கு முழுப் பேரும் சொல்ல வராது. இப்போது உனக்கு ஐந்து வயசு. ராட்டினம் சொல்லுகிறாய், நட்சத்திரம் சொல்லுகிறாய், இது ஒன்றும் கஷ்டம் இல்லை. நாக்கை மேலே மடக்கி 'டா' சொல்லு. எமில்டா. நான் உன் அப்பாவுக்கு அக்கா. அப்படியென்றால் உனக்கு அத்தை. எமில்டா அத்தை.

ஆறாவது அட்டையைப் பார். கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டினேன், மாலை கொஞ்சம் வெட்டுப்பட்டுவிட்டது. சாம்பல் வைத்து மூணு கோடு போட்டது யார்? பாஸ்கு என்றால் பஸ் என்று நினைத்தது யார்? விரல் நசுங்கியதும் ஓடி வந்து தூக்கியது யார்? நீ யாரு, நீ யாரு என்று கேட்டாயாம். அட்டையைத் திருப்பிப் பார், எழுதியிருக்கிறேன். அம்மா. உன்னைப் பெற்ற அனிஷா அம்மா ஆண்டவரிடம் இருக்கிறாள். இந்த அம்மா உன் வீட்டில் இருக்கிறாள். இரண்டு பேரும் உனக்குத்தான்.

அ என்றால் அணில் என்று சொல்லிக் கொடுத்தேனே, அது தப்பில்லை. ஆனால் முதலில் அம்மா சொல்லிவிட்டு அப்புறம் அணில் சொல்ல வேண்டும். டீச்சர் மறந்துவிட்டேன்.

முத்தங்களுடன்,
எமில்டா அத்தை

இந்துமதி, வாசிப்பு நடுவில் நின்றுபோனால் தண்ணீர் குடித்துவிட்டு மேலே வாசி. எழுதும்போது நானும் அப்படித்தான் செய்தேன்.

உ

பாரதீப்
10.12.2025

அன்புள்ள மதினிக்கு,

எல்லோரும் நலம். கிறிஸ்துமஸுக்கு அங்கே வர ரயிலில் மூன்று பேருக்கும் இடம் கிடைத்துவிட்டது. இருபத்துநாலாம் தேதி காலையில் வந்து சேருவோம். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், முழங்கால் வலியோடு அங்கே நிற்காதீர்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்?

கவர் ஒன்றாம் தேதியே வந்தது. வாசித்துக் காட்டினேன். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். ஐந்தாவது அட்டையைப் பார்த்து, நாக்கை மடக்கி, ஒரே தடவையில் 'எமில்டா அத்தை' என்று சொல்லிவிட்டான். அவ்வளவு சுத்தமாகச் சொன்னான். அதை உங்களுக்கு எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். இனி எதையும் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

ஆறாவது அட்டையைப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், கீழே வைத்துவிட்டு ஆட்டுக்குட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நீங்கள் சொன்ன மாதிரி நான் சும்மா இருந்தேன். ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதே துப்பட்டா, அதே 'இங்கன பாரு'. என்னதான் நீங்கள் கொடுத்தாலும் அவன் எடுக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.

இன்றைக்கு மத்தியானம் நர்சரியிலிருந்து அழைத்து வந்து, அவனை வாசலில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். 'அம்மா, இந்த ஷூவக் கழட்டு' என்று சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண் வந்திருக்கிறாளோ, யாரைக் கூப்பிடுகிறான் என்று எட்டிப் பார்த்தேன். வாசலில் அவன் மட்டும்தான் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீட்டில் வேறு யாருமே இல்லை மதினி, நான் மட்டும்தான் இருந்தேன்.

உங்கள்,
இந்துமதி